தண்டனை சொல்வது எப்போதும் ஜூரி அல்ல

"அமெரிக்காவில் ஜூரிதான் தண்டனையைத் தீர்மானிக்கிறது" என்று கட்டுரையில் பொத்தாம் பொதுவாகச் சொல்லியிருக்கிறீர்கள். பெரும்பாலான வழக்குகளில் அப்படி இல்லை. குற்றவாளியா இல்லையா என்று சொல்வதோடு, சாதாரண மக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படும் குழுவான ஜூரியின் வேலை முடிந்துவிடும். எத்தனை ஆண்டு என்பது நீதிபதியின் கையில். டெக்சாஸ் போன்ற சில மாநிலங்களில் குற்றம் சாட்டப்பட்டவர் விரும்பினால் ஜூரியே தண்டனையும் சொல்லும், அவ்வளவுதான்.

மரண தண்டனை வழக்குகள் வேறு. அங்கே ஜூரிக்குப் பெரிய பங்கு உண்டு. ஃபுளோரிடா மாநிலத்தின் பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேரைச் சுட்டுக் கொன்றவனுக்கு 2022இல் ஜூரியில் 9 பேர் மரணம் என்றார்கள், 3 பேர் மறுத்தார்கள். அப்போதைய ஃபுளோரிடா சட்டப்படி 12 பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். அதனால் ஆயுள் சிறைதான். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் கொதித்துப் போனார்கள், அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அடுத்த வருடமே 8 பேர் பரிந்துரைத்தால் போதும் என்று சட்டத்தை மாற்றியதை என்னால் ஏற்கவே முடியவில்லை. 4 பேர் மனசாட்சிப்படி வேண்டாம் என்று சொன்ன பிறகும் ஓர் உயிரை எடுக்கலாமா?

அலபாமா மாநிலம் இன்னும் மோசம். 2017 வரை, ஜூரி ஆயுள் என்று சொன்னாலும் நீதிபதி அதைத் தள்ளிவிட்டு மரண தண்டனை விதிக்கலாம். கொலைக் குற்றவாளி கென்னத் ஸ்மித்தின் வழக்கில் 11 பேர் ஆயுள் என்றார்கள், ஒருவர் மட்டுமே மரணம் என்றார். நீதிபதி அந்த ஒருவர் பக்கம் போனார். நீதிபதி இப்படித் தள்ளிவிடுவதைத் தடுத்து அப்புறம் வந்த சட்டம் பழைய வழக்குகளுக்குப் பொருந்தாது என்றார்கள். 2024 ஜனவரியில் நைட்ரஜன் வாயு செலுத்தி ஸ்மித்தைக் கொன்றுவிட்டார்கள்.