பொதுக்கல்விப் பாடங்களை யாருக்காகத் திட்டமிடுகிறோம்?

கல்லூரியில் எந்தத் துறை மாணவரும் தன் துறைக்கு வெளியே படிக்க வேண்டியவை பொதுக்கல்விப் பாடங்கள். அவற்றுக்கான பாடத்திட்டக் குழு கூடினால் பேச்சு சீக்கிரமே கிரெடிட் கணக்குக்குப் போய்விடுகிறது. எந்தத் துறைக்கு எத்தனை பாடம், யாருடைய வகுப்பில் எத்தனை மாணவர் என்பதுதான் விவாதம். பொதுப்பாடம் கைவிட்டுப் போனால் மாணவர் எண்ணிக்கை குறையும், அப்புறம் ஆசிரியர் பணியிடமும் போகும் என்று துறைகள் பயப்படுகின்றன. நியாயமான பயம்தான். ஆனாலும் அந்தக் கூட்டத்தில் மாணவருக்காகப் பேச யாருமே இல்லாமல் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பொதுக்கல்வியை எப்படிக் கொடுப்பது என்பதில் பல்கலைக்கழகங்கள் ஒத்துப்போனதே இல்லை. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1869 முதல் 40 ஆண்டுகள் தலைவராக இருந்த சார்லஸ் எலியட், விரும்பிய பாடத்தை எடுத்துக்கொள்ளும் சுதந்திரத்தை மாணவர்களுக்குக் கொடுத்தார். அவருக்குப் பின் வந்த லோவல், ஒரு துறையில் ஆழமாகவும் மற்றவற்றில் பரவலாகவும் படிக்க வேண்டும் என்று அதற்கு வரம்பு கட்டினார். கொலம்பியா பல்கலைக்கழகம் 1919-இல் எல்லா முதலாண்டு மாணவருக்கும் பொதுவாக ஒரே பாடத்தை வைத்தது. பிரவுன் பல்கலைக்கழகம் 1969-இல் கட்டாயப் பொதுப்பாடங்களையே எடுத்துவிட்டது. ஹாங்காங்கில் 2012-இல் மூன்றாண்டுப் பட்டப்படிப்பு நான்காண்டானபோது, அங்குள்ள சீனப் பல்கலைக்கழகம் மனித வாழ்க்கை பற்றி ஒன்று, இயற்கை பற்றி ஒன்று என இரண்டு பாடங்களை எல்லோருக்கும் கட்டாயமாக்கியது. மூலநூல்களை வாசித்துச் சிறு குழுக்களாக விவாதிக்கும் பாடங்கள் அவை. எனக்குப் பிடித்த வழி அதுதான்.

பாடங்களை அறிவியல், கலை எனத் தொகுப்புகளாகப் பட்டியலிட்டு, தொகுப்புக்கு ஒன்று எடுத்துக்கொள் என்னும் முறையில், துறைகள் தங்கள் மேஜர் மாணவர்களுக்கான, அதாவது அந்தத் துறையையே முதன்மையாகப் படிப்பவர்களுக்கான, முதல் பாடத்தையே பெயர் மாற்றிக் கொடுத்துவிடுகின்றன. இதைத்தான் நான் கடுமையாக எதிர்க்கிறேன். மேஜர் மாணவர் அடுத்த செமஸ்டரில் தொடர்ந்து படிப்பார். மற்றவருக்கு வாழ்நாளில் அந்தத் துறையோடு உள்ள தொடர்பே இந்த ஒரு பாடம்தான்.

புள்ளியியலையே எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கிய மாணவருக்குச் சூத்திரங்களை வருவிக்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை. ஆனால் இப்படி ஒரு கணக்கைப் போடத் தெரிய வேண்டும். 1,000 பேரில் ஒருவருக்கு வரும் நோய், நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 100-க்கு 99 முறை சரியாகச் சொல்லும் பரிசோதனை. அந்த 1,000 பேரையும் பரிசோதித்தால் உண்மையான நோயாளி ஒருவரோடு, நோயே இல்லாத சுமார் 10 பேருக்கும் 'இருக்கிறது' என்று முடிவு வரும். அதாவது அப்படி முடிவு வந்தவருக்கு நிஜமாகவே நோய் இருக்கும் வாய்ப்பு 10 விழுக்காட்டுக்கும் கீழ். இதை ஒருமுறை தானே போட்டுப் பார்த்தவர், மருத்துவ அறிக்கையைக் கையில் வாங்கும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்வார். இப்படிப்பட்ட கணக்குகளைச் சுற்றி ஒரு செமஸ்டரையே கட்டலாம்.

அடுத்தது, யார் நடத்துவது. பல இடங்களில் பொதுப்பாடத்தைத் தற்காலிக ஆசிரியர் தலையில் கட்டிவிட்டு, 300 பேரை ஓர் அரங்கில் உட்கார வைத்து, சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வோடு முடித்துவிடுகிறார்கள். எழுதவும் வாதிடவும் கற்றுத் தருவோம் என்று சிலபஸில் மட்டும் போட்டிருக்கும். 300 கட்டுரைகளைத் திருத்தி, ஒவ்வொன்றிலும் குறிப்பு எழுதித் திருப்பிக் கொடுக்க ஒருவரால் முடியாது.

ஆகவே குழுக்களிடம் நான் கேட்பது இதுதான். பாடத் தலைப்புகளுக்கு முன்னால் வகுப்பின் அளவை முடிவு செய்யுங்கள். அனுபவமுள்ள ஆசிரியர்களின் பணிச்சுமைக் கணக்கில் இந்தப் பாடங்களுக்கு முழு மதிப்புக் கொடுங்கள். பாடத்தை முன்மொழியும் துறை, சிலபஸோடு கடைசித் தேர்வின் வினாத்தாளையும் சேர்த்துக் கொண்டுவரட்டும். அதை வேறு துறை ஆசிரியர் ஒருவர் வாசித்து, தன் மாணவருக்கு இது தேவை என்று சொன்ன பிறகு ஒப்புதல் கொடுங்கள்.