வாயில் கருவி மாட்டினால் மூக்குக் குழாய் வேண்டாமா?

"பக்கவாதம் வந்து விழுங்க முடியவில்லையா? இந்தக் கருவியை வாயில் மாட்டுங்கள், மூக்குக் குழாயைக் கழற்றிவிடலாம்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. மூக்கு வழியே வயிற்றுக்கு உணவு செலுத்தும் அந்தக் குழாயை, தயவுசெய்து யாரும் கழற்றாதீர்கள்.

வாய்க்கருவிகள் இருப்பது உண்மைதான். புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பின் நாக்கு மேலண்ணத்தை எட்டாவிட்டால், அண்ணத்தைத் தாழ்த்தித் தரும் தகடு ஒன்றைப் பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்வார். நாக்கு அதில் அழுந்தும், உணவு பின்னால் நகரும். சரி, ஆனால் விழுங்கும்போது உணவு உள்ளே போகாதபடி தொண்டையில் மூச்சுப்பாதை மூட வேண்டும்; அதை அந்தத் தகடு பார்த்துக்கொள்ளாது. பக்கவாதத்தில் பலருக்குச் சிக்கலே அங்கேதான். ஒரு மடக்குத் தண்ணீர் இருமல்கூட வராமல் நுரையீரலுக்குள் இறங்கலாம். பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. அப்புறம் நிமோனியா. எக்ஸ்ரே வீடியோவிலோ மூக்கு வழியே விடும் கேமராவிலோ விழுங்குவதைப் பார்த்த பிறகு, குழாயை எப்போது எடுப்பது என்று மருத்துவர் சொல்லட்டும்.