காப்பாற்றியதைச் சொல்லும்போது இறந்தவளையும் சொல்லுங்கள்

2025 ஏப்ரல் 8ஆம் தேதி சிங்கப்பூரின் ரிவர் வேலி சாலைக் கடைவீட்டில் தீப்பிடித்தபோது, அருகில் வேலை பார்த்துக்கொண்டிருந்த வெளிநாட்டு ஊழியர்கள் ஏணியும் சாரமும் கொண்டுவந்து, மேல்மாடியில் புகைக்கு நடுவே தவித்த பிள்ளைகளைக் கீழே இறக்கினார்கள். அவர்களில் தமிழர்களும் இருந்ததால், அந்த மீட்புக் காணொளியை நம் வீடுகளில் பலர் பிள்ளைகளுக்குப் பெருமையோடு காட்டினார்கள். பெருமைப்பட வேண்டிய செயல்தான். ஆனால் அதே தீவிபத்தில் 10 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனதைப் பல பெற்றோர் சொல்லாமலே விட்டார்கள். அது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து.

மறைத்தாலும் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். பள்ளிப் பேருந்திலோ, அண்ணனின் கைப்பேசியிலோ அரைகுறையாகக் கேட்டதைத் தாங்களாகவே பெரிதாக்கிக்கொள்வார்கள். தொடக்கநிலை இரண்டில் படிக்கும் என் தங்கை மகள், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சட்டென்று, "அந்த அக்காவை மட்டும் ஏன் யாரும் தூக்கல பெரியம்மா?" என்று கேட்டாள். எல்லாரையும் காப்பாற்றிவிட்டார்கள் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். பள்ளியில் அவள் கேட்டதோ வேறு. முதலில் அவளுக்கு என்ன தெரியும் என்று கேட்டுக்கொண்டேன். பிறகு, எல்லாரும் முயன்றார்கள், ஆனாலும் அந்த அக்கா இறந்துவிட்டாள், இது யாருக்கும் வருத்தம் தரும் செய்தி என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவள், "நம்ம வீட்டில தீப்பிடிச்சா?" என்றாள். அவள் மனத்தை அரித்துக்கொண்டிருந்த கேள்வி அதுதான்.

"இங்கெல்லாம் அப்படி நடக்காது" என்று சத்தியம் செய்வது எளிது. ஆனால் அதே ஊரில் நடந்ததை அறிந்த பிள்ளை அதை நம்பாது. வாசல் கேட்டின் சாவி எங்கே மாட்டியிருக்கிறது, மின்தூக்கியில் ஏறாமல் எந்தப் படிக்கட்டில் இறங்குவது, கீழே எங்கே நிற்பது, தீயணைப்புக்கான அவசர எண் 995ஐ எப்போது அழைப்பது என்று அவளோடு நடந்தே காட்டினோம்.

சிறு பிள்ளைகளிடம் "தூங்கிவிட்டாள்", "சாமி கூப்பிட்டுக்கொண்டார்" என்று சொல்லாதீர்கள். இரவில் கண்ணை மூடவே அஞ்சுவார்கள். காணொளியைத் திரும்பத் திரும்ப ஓடவிடவும் வேண்டாம், ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு விபத்து நடப்பதாகவே மழலைகள் எண்ணக்கூடும். வாரக்கணக்கில் தூக்கம் கெட்டாலோ பள்ளி செல்ல மறுத்தாலோ, பள்ளி ஆலோசகரிடம் பேசுங்கள். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் தாங்களே அழைத்துப் பேச, சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கத்தின் டிங்கிள் ஃபிரண்ட் என்ற உதவிச் சேவையும் இருக்கிறது.