ஓய்வு கேமராவுக்குத்தான்

சனிக்கிழமை நம் பறவை பார்ப்போர் குழுவில் நடந்த கூத்தைப் பாதிப்பேர் பார்த்திருப்பீர்கள். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் ஆறுமணிக்குருவி பார்த்ததாக நாலு வரி எழுதினேன். கீழே "போட்டோ எங்கீங்க?" என்று ஒருத்தர். அதற்கு வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். கடைசியில், "சார் கேமரா அடகுல இருக்கு போல." அடகுக்கடை எது என்றும் சொல்லியிருந்தால் நாலு பேருக்கு உபயோகமாக இருந்திருக்கும்.

ஓய்வு கேமராவுக்குத்தான் கொடுத்திருக்கிறேன். மலைக்குப் போவதை நிறுத்தவில்லை. இதில் புரியாதது என்ன என்றுதான் எனக்குப் புரியவில்லை.

காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மர நிழலில் காலை ஆறரைக்கு வெளிச்சம் எப்படியிருக்கும் என்று லென்ஸ் வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும். 150-600 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸை முழுக்க இழுத்தால் துளை எஃப் 6.3தான், வெளிச்சம் கொஞ்சமாகத்தான் நுழையும். ஒளியுணர்வை, அதாவது ஐஎஸ்ஓவை, 6400க்கு ஏற்றினாலும் ஷட்டர் வேகம் 1/60, 1/80 நொடி கிடைத்தால் பெரிது. குருவியோ சருகைப் புரட்டி இரண்டு தத்து தத்தும். படத்தில் பச்சையாய் ஒரு தீற்றல். அதைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் குருவி போயிருக்கும். 8x42 பைனாகுலரில் (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 42 மில்லிமீட்டர்) அதே வெளிச்சத்தில் வாலடிச் சிவப்பு வரைக்கும் தெரிகிறது. 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25 மில்லிமீட்டர், கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை அவ்வளவு. 10x42வில் 4.2தான், கை நடுக்கமும் கூடுதலாகத் தெரியும். வாங்கியதும் வலது கண்ணை மூடிக்கொண்டு நடுச்சக்கரத்தை இடது கண்ணுக்குச் சரிசெய்யுங்கள். பிறகு இடதை மூடி வலது கண் வளையத்தை மட்டும் திருப்புங்கள். இதைச் செய்யாமல் "தலைவலிக்குதுங்க" என்று திருப்பிக் கொடுத்தவர்கள் நம் குழுவிலேயே உண்டு. பெயர் வேண்டாம்.

"படம் இல்லாட்டி ஆதாரம் ஏது?" என்பார்கள். மஞ்சள்தொண்டைச் சின்னான் மாதிரி அரிய பறவையை எழுதினால் கேளுங்கள், நியாயம். ஆறுமணிக்குருவி குளிர்காலத்தில் வலசை வருகிற பறவை. நேரம், இடம், தரையில் நின்றதா கிளையிலா, கண்ணை ஒட்டிய கறுப்புப் பட்டை, இரட்டைச் சீழ்க்கை எல்லாம் அந்த நாலு வரியில் இருந்தது. ஃபோனில் குரலைப் பதிந்து, பறவைப் பதிவுகளுக்கான இபேர்ட் தளத்தில் ஏற்றினால் அதுவும் ஆதாரம்தான். படிக்காமல் சிரித்தால் நான் என்ன செய்ய?

"சும்மா வெச்சா லென்ஸ்ல பூஞ்சை புடிக்குமே?" இது ஒன்றுதான் உருப்படியான கேள்வி. பிடிக்கும், பையிலேயே போட்டு அலமாரியில் திணித்தால். துணியும் தோலும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரப்பர் விளிம்பு வைத்த காற்றுப்புகாத டப்பா, உள்ளே கால் கிலோ சிலிகா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மீட்டர் போதும். முள் 40 சதவீதத்துக்கும் 50க்கும் நடுவில் நிற்க வேண்டும். 65ஐத் தாண்டினால் பூஞ்சைக்கு விருந்து. 30க்குக் கீழே இறங்கினால் ரப்பர் காய்ந்துபோகும். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் இளஞ்சூட்டில் வறுத்து நிறத்தைத் திருப்பலாம். ஆனால் சமையல் வாணலியில் வேண்டாம், அந்த நீலம் கோபால்ட் உப்பு, விஷம். அரிசிக்குள் புதைக்கிற வைத்தியத்தை விட்டுவிடுங்கள், மாவுதான் உள்ளே போகும். பேட்டரியைப் பாதிச் சார்ஜில் கழற்றி வையுங்கள். நாலைந்து மாதம் கழித்துப் போட்டால் தேதி மறந்திருக்கும், கேமரா கெட்டுவிட்டதென்று பதறாதீர்கள். மாதம் ஒருமுறை லென்ஸ் வளையங்களைத் திருப்பி, டார்ச் அடித்து உள்ளே நூலாம்படை மாதிரி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். சொல்லப்போனால் டப்பாவில் இருப்பதைவிட மலைக்குக் கொண்டுபோவதில்தான் ஆபத்து அதிகம். ஏற்காட்டுக் குளிரிலிருந்து இறங்கிச் சேலம் வெக்கையில் உடனே பையைத் திறந்தால் கண்ணாடி வியர்க்கும். ஒரு மணி நேரமாவது திறக்காமல் வைக்க வேண்டும். இதைக் கேட்கத்தான் ஆளில்லை.

"அவ்வளவு காசு போட்டு வாங்கினதை..." காசு என்னுடையது. அடுத்தது.

இந்த "போட்டோ எங்க"தான் ப்ளூடூத் ஸ்பீக்கரைக் காட்டுக்குள் கொண்டுவந்தது. பதிந்த குரலை அதில் போட்டால், போட்டிக்கு இன்னொன்று வந்துவிட்டதென்று குருவி தீனியை விட்டு வெளியே வரும். கூடு கட்டும் காலமென்றால் முட்டையை விட்டு வரும். பின்னணி தெளிவாக வேண்டுமென்று கூட்டை மறைத்த இலையைக் கிள்ளினால் வெயிலுக்கும் காக்கைக்கும் கதவு திறந்த மாதிரி. அந்தப் படங்களுக்குக் கீழே "அருமை சார்", "வேற லெவல்". அங்கே ஒருத்தரும் எதுவும் கேட்கவில்லை. சும்மா நின்று பார்த்துவிட்டு வந்தவனிடம் மட்டும் ஆதாரம் கேட்கிறீர்கள். வலிக்கத்தான் செய்கிறது, என்ன இப்போது?

ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஏற்காடு போகிறேன். ஐந்து மணிக்குச் சேலத்தில் கிளம்பி, குப்பனூர் வழி. தோட்டத்துக்காரரிடம் அனுமதி வாங்கியாயிற்று. மங்கலான நிறத்தில் சட்டை, நோட்டு, பென்சில். பேனா வேண்டாம், பனியில் மை ஊறும். காட்டெருமை நின்றால் திரும்பிவிடுவோம், வாக்குவாதம் கிடையாது. கேமரா கொண்டுவருகிறவர்கள் தாராளமாக வரலாம். ஸ்பீக்கர் கொண்டுவருகிறவர்கள் வேறு வண்டி பார்த்துக்கொள்ளுங்கள்.