கடல் அட்டைத் தடையை நீக்கும் முன் கடலடியை எண்ணுங்கள்

கடல் அட்டை என்பது கடலடி மணலில் கிடக்கும், உருளை போன்ற மெத்தென்ற உயிர்; காயவைத்து ஏற்றுமதிக்கு விற்பதற்காகப் பிடிப்பார்கள். அதைப் பிடிக்க இருக்கும் தடையை எடுங்கள் என்று ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளில் எழும் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம், இலங்கையில், அனுமதிச் சீட்டு வாங்கி அட்டை எடுக்கலாம். இந்தப் பக்கம் 2001-ல் எல்லா வகை அட்டைகளையும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்தார்கள். அன்றிலிருந்து ஒன்றை எடுத்தாலும் குற்றம். அந்த ஆதங்கம் புரிகிறது. ஆனாலும் இப்போது தடையை எடுக்கக் கூடாது என்பதே என் கருத்து.

முதலில் இந்த உயிர் எப்படிப் பெருகுகிறது என்று பாருங்கள். கடல் அட்டையில் ஒரு வகையான வெள்ளை அட்டையில் ஆண் வேறு, பெண் வேறு. இரண்டும் சேர்வதில்லை. பருவம் வந்ததும் முன்னுடலை மணலிலிருந்து நிமிர்த்தி, மெல்ல ஆடிக்கொண்டே ஆண் விந்தையும் பெண் முட்டையையும் நீரில் விடும். ஒரு பெண் பத்து லட்சம் முட்டைகூட விடும். ஆனால் பக்கத்தில் ஆண் இல்லையென்றால் அத்தனையும் வீண், ஏனென்றால் விந்து நீரில் சீக்கிரமே கலைந்து வீரியம் போய்விடும். ஒரு ஹெக்டேரில் 10 முதல் 50 அட்டைகளாவது இல்லாவிட்டால் வெப்பக்கடல் அட்டைகளின் இனப்பெருக்கம் படுத்துவிடும் என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். அதாவது கடைசி அட்டையைப் பிடிப்பதற்கு வெகு முன்பே இனம் முடங்கிவிடும். "இன்னும் கிடைக்குதே" என்ற பேச்சு இங்கே எடுபடாது. கிடைப்பவை ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் கிடக்கும் கிழடுகளாக இருக்கலாம்.

அடுத்து, கிலோ கணக்கு. பிடித்த அட்டையின் பின்முனையில் கீறிக் குடலை எடுத்து, ஒரு மணி நேரம் வேகவைத்து, ஓர் இரவு ஈரமணலில் புதைக்கிறார்கள். மேல்தோலில் உள்ள சுண்ணாம்புத் துகள் படலம் அதில் இளகும். மறுநாள் மிதித்துத் தேய்த்துக் கழுவி, மீண்டும் வேகவைத்து, மூன்று நான்கு நாள் வெயிலில் காயவைக்க வேண்டும். 100 கிலோ பச்சை அட்டைக்குக் காய்ந்தது ஏறக்குறைய 5 கிலோதான் தேறும். ஒரு அட்டை 400 கிராம் என்று வைத்தால், ஒரு கிலோ உலர் அட்டைக்கு 50 உயிர். கடத்தலில் பிடிபடும் மூட்டை எத்தனை கிலோ என்று செய்தியில் படிக்கும்போது இந்த 50-ஆல் பெருக்கிப் பாருங்கள்.

தடைக்கு முன்பு கட்டுப்பாடே இல்லாமல் இல்லை. 1982-ல் மூன்று அங்குலத்துக்குக் குறைந்த உலர் அட்டையை ஏற்றுமதி செய்யக் கூடாது என்றார்கள். அது ஏன் பலிக்கவில்லை? அளந்தது காய்ந்த சரக்கை. காயும்போது அட்டை பாதிக்கும் கீழே சுருங்கும், எனவே மூன்று அங்குலச் சரக்கு உயிரோடு 15 சென்டிமீட்டர் போல இருந்திருக்கும். வெள்ளை அட்டை பருவத்துக்கு வருவதே 18, 20 சென்டிமீட்டரில். அதற்கு ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். ஒருமுறைகூட முட்டை விடாததைக் கொன்று, சட்டப்படியே ஏற்றுமதி செய்யலாம் என்று ஆனது. அளவு குறைந்த சரக்கைத் துறைமுகத்தில் மடக்கினாலும் செத்தது செத்ததுதான்.

அதனால் நாளை அனுமதி கொடுத்தாலும் நீளத்தை அளவுகோலாக வைக்க வேண்டாம். தொட்டால் சுருங்கும், விட்டால் நீளும் உடம்பு அது. நீர் வடியவிட்டு எடை பார்க்க வேண்டும், அதுவும் படகிலேயே, உயிரோடு. 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறதே என்கிறார்கள். அது விசைப்படகுக்கு. வல்லம் என்ற நாட்டுப்படகில் போய் முங்கி எடுப்பதை அது நிறுத்தாது.

அனுமதிக்கும் முன் செய்ய வேண்டியது கணக்கெடுப்பு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியும், பாக் விரிகுடாவின் தாழை எனும் கடல்புல் படுகைகளிலும் கயிறு கட்டி, இரண்டு பக்கமும் ஒரு மீட்டர் அகலத்துக்கு நீந்தி எண்ண வேண்டும். வெள்ளை அட்டை நாளில் பாதி நேரம் மணலுக்குள் இருக்கும். பகலில் ஒருமுறை பார்த்துவிட்டு "இல்லை" என்று எழுதினால் தப்பு. அந்தி சாய்ந்த பிறகும் எண்ண வேண்டும். சங்கு குளிப்பவர்களைக் கூலி கொடுத்து இதில் சேர்க்காமல் எந்தக் கணக்கும் சரியாக வராது. எந்த மணலில் எது கிடக்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1988-லேயே வெள்ளை அட்டைக் குஞ்சு பொரிக்கவைத்துவிட்டது. தொழில்நுட்பம் கையில் இருக்கிறது. அதை வைத்துக் கரையோரத்தில் பட்டி கட்டி அட்டை வளர்ப்பதைவிட, நெருக்கம் குறைந்த படுகையில் குஞ்சு விட்டு எண்ணிக்கையை ஏற்றுவதே முதல் வேலையாக இருக்க வேண்டும். இலங்கையின் வடக்கில் அட்டைப் பண்ணைகள் பெருகியபோது, கரைவழித் தொழில் செய்பவர்களின் இடம் போகிறது என்று அங்குள்ள மீனவர்களே போராடினார்கள். அதே சண்டையை இங்கேயும் இழுத்துவர வேண்டாம்.

ஒன்றை மட்டும் இன்றே செய்யலாம். வேறு மீனுக்கு விட்ட வலையில் அட்டை ஏறினால் மீனவர் மேல் வழக்கு என்ற பயம் போக வேண்டும். ஏறியதை வெயிலில் போடாமல், கடல்நீர் ஊற்றிய தொட்டியில் நிழலில் வைத்து, பிடித்த ஆழத்திலேயே திருப்பி விட்டால் குற்றமில்லை என்று வனத்துறை எழுத்தில் தர வேண்டும். குடலை வெளியே தள்ளிய அட்டையும் செத்ததல்ல, நீரில் விட்டால் புதுக் குடல் வளர்த்துக்கொள்ளும். அதையும் விட்டுவிடுங்கள்.