செயலியில் குறிப்பதை ஹிப்பா காக்குமா?

"உடல்நலச் செயலியில் நீங்கள் பதிவது எல்லாம் அமெரிக்காவின் ஹிப்பா சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது" என்றொரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. தவறு. நோயாளிகளின் மருத்துவத் தகவலைக் காக்கும் அந்தச் சட்டம் 1996-இல் வந்தது; அது மருத்துவமனை, மருத்துவர், காப்பீட்டு நிறுவனம், அவர்களுக்காகத் தகவலைக் கையாள்வோர் ஆகியோரையே பெரும்பாலும் கட்டுப்படுத்துகிறது. நாமாக இறக்கிக்கொண்டு மாதவிடாய்த் தேதி குறிக்கும் செயலி பொதுவாக அதில் சேராது.

எடுத்துக்காட்டாக, ஃப்ளோ என்ற மாதவிடாய்ச் செயலியில் ஒரு பெண் கர்ப்ப வாரத்தைத் தேர்ந்தெடுத்தால், அந்தக் குறிப்பே ஃபேஸ்புக் போன்ற நிறுவனங்களுக்குப் போனதாக அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டியது. வெளியே தரமாட்டோம் என்று வாக்களித்த செயலிதான் அது! 2021-இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஃப்ளோ தவறை ஒப்புக்கொள்ளவில்லை. புகார் மனுவும் உத்தரவும் ஆணையத்தின் இணையதளத்திலேயே இருக்கின்றன, படித்துப் பார்க்கலாம். அந்த வாட்ஸ்அப் தகவல் உங்களுக்கும் வந்திருந்தால், தயவுசெய்து மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டாம்.