பெயரை மாணவரே தேர்ந்தெடுக்கட்டும்

வேற்றுமொழி வகுப்பில் மாணவர்களுக்குப் புதுப்பெயர் வைப்பது அவர்கள் அடையாளத்தைப் பறிப்பதுதான் என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. பல்கேரிய மனநல மருத்துவர் கியோர்கி லோசனோவ் உருவாக்கிய சஜெஸ்டோபீடியா என்ற மொழி கற்பிக்கும் முறையில், மாணவர் புதுப் பெயரோடு ஒரு புதுத் தொழிலையும் வாழ்க்கைக் கதையையும் சேர்த்தே எடுத்துக்கொள்வார். தப்பாகப் பேசினாலும் பேசியது அந்தப் பாத்திரம்தானே என்ற தைரியம் வரும். பிரெஞ்சு வகுப்பில் வாயே திறக்காதவர்கூட 'நான் பியேர், மாலுமி' என்று ஆரம்பித்து, போன துறைமுகங்களை எல்லாம் அடுக்குவார். அப்புறம், அந்தப் பெயரைக் கூப்பிடக் கூப்பிட மொழியின் ஒலிகளும் நாக்கில் படியும். பியேர் என்பதன் கடைசியில் தொண்டையிலிருந்து வரும் அந்த ரகரம் ஒன்றே நல்ல பயிற்சி.

ஆனால் சொந்தப் பெயர் ஆசிரியர் வாயில் நுழையவில்லை என்பதற்காக முதல் நாளே வேறு பெயரை ஒட்டிவிடுவது அநியாயம். இதை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். முதலில் அவர் பெயரைச் சரியாகச் சொல்லிப் பழகுங்கள். புதுப்பெயர் வேண்டாம் என்கிறவரை விட்டுவிடுங்கள். மற்றவர்களுக்கு ஒரு பட்டியலைக் கொடுத்தால் போதும், பிடித்ததை எடுத்துக்கொள்வார்கள். பாதியில் மாற்றக் கேட்டாலும் மாற்றிக்கொள்ளட்டும்.